மாடியில் மகள், கீழே ஒச்சுப் பெரியவர்

என் மகள் வாசுகிக்கு டைபாய்டு வந்து தேறிச் சில வருஷங்கள் ஆகின்றன. இப்போதும் யாராவது தெர்மாமீட்டரை உதறுவதைப் பார்த்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அந்த நாட்களைப் பற்றி எழுதச் சொல்லி அவளே பல முறை கேட்டிருக்கிறாள். நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். சமீபத்தில் எங்கள் தெருவில் ஒரு பையன் காய்ச்சலில் படுத்தான். அவனுடைய அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் தூணோடு தூணாக நின்றதைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். அப்படி நிற்கிற தகப்பன்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அதற்கு முன் காய்ச்சலைச் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளைச் சொல்ல வேண்டும்.

திருநகரில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு சத்தம் உண்டு. பக்கத்து வீட்டு ரேடியோ, எதிர்வீட்டில் அம்மியில் மசாலா அரைபடுவது, பின்கட்டில் என் மனைவி சரோஜா துணி துவைக்கிற அடி. அதற்கு நடுவே வாசுகி தலையைப் பின்னிக்கொண்டே, "போயிட்டு வாரேன்ப்பா" என்று செருப்பை மாட்டுவாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பஸ் ஏறிக் காளவாசலில் இறங்கி, அங்கிருந்து மேற்கே நடந்தால் ஒரு முதியோர் இல்லம். ஓர் அறக்கட்டளை நடத்தியது. அங்கே அவளுக்கு ஒரு வேலை இருந்தது. சம்பளம் கிடையாது. அந்த வேலைக்குப் பெயரும் கிடையாது.

அந்த இல்லத்தில் இருந்தவர்கள் தங்கள் குறையை மேனேஜரிடம் சொல்லப் பயந்தார்கள். மேனேஜர் ஒன்றும் கெட்டவர் இல்லை. ஆனாலும் சோறு போடுகிறவரிடம் போய்ச் சோறு சரியில்லை என்று யார் சொல்வது? இதை உணர்ந்த அறக்கட்டளைக்காரர்கள், வாரம் ஒருமுறை வெளியாள் ஒருவர் வந்து ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டு, கேட்டதைத் தங்களிடம் வந்து சொன்னால் நல்லது என்று கல்லூரியைக் கேட்டார்கள். கல்லூரி வாசுகியைக் கை காட்டிவிட்டது.

அவள் கொண்டுவந்த குறைகள் எல்லாம் மிகச் சின்னவை. ஓர் அம்மாளுக்குச் சேலை தொங்கவிடச் சுவரில் ஓர் ஆணி வேண்டும். அதைக் கேட்க வாய் வராமல் மாதக்கணக்கில் ஈரச் சேலையைக் கட்டில் காலில் சுற்றிக் காயவைத்திருக்கிறார். சமையல்காரர் பொழுதோடு வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ராச்சாப்பாட்டை வெயில் தாழ்வதற்குள் போட்டுவிடுவார்கள். படுக்கிற நேரத்தில் எல்லோருக்கும் பசிக்கும். யாரும் சொல்லமாட்டார்கள். வாசுகி போய்ச் சொன்ன பிறகு விளக்கு வைத்துச் சாப்பாடு போட்டார்கள்.

"படிக்கிற பிள்ளைக்கு எதுக்கும்மா ஊர்வம்பு?" என்பேன்.

"வம்பு இல்லப்பா. அவுக வாய்க்குள்ள கெடக்குறத எடுத்து வெளிய வைக்கிறேன். அம்புட்டுத்தான்."

சாயங்காலம் திரும்பி வந்து அங்கிருப்பவர்களைப் போலவே பேசிக் காட்டுவாள். அதில் எங்கள் வீட்டுக்கு மிகவும் பழக்கமானவர் ஒச்சுப் பெரியவர். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி. மனைவி இறந்துவிட்டார். மகன் வடக்கே எங்கோ ஆலை வேலைக்குப் போனவன், முதலில் கடிதத்தை நிறுத்தினான், பிறகு வருவதையும் நிறுத்தினான். பெரியவருக்கு வாய் மட்டும் குறையவில்லை. ஒருநாள் வாசுகியிடம் கேட்டிருக்கிறார்:

"உங்கப்பன் என்ன சோலி பாக்குறாரு?"

"கூட்டுறவுச் சங்கத்துல கிளார்க்கு, தாத்தா."

"அப்பப் பேசமாட்டாரு. தலைய மட்டும் ஆட்டுவாரு."

சரோஜா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தக் கூடத்து வெளிச்சம்கூட ஞாபகம் வருகிறது.

காய்ச்சல் ஒரு தலைவலியாகத்தான் வந்தது. தெருமுனை டாக்டர் மாத்திரை கொடுத்தார். குறைந்த மாதிரி இருந்தது, மறுநாள் ஒரு படி ஏறியது. அதற்கு மறுநாள் இன்னொரு படி. சாதாரணக் காய்ச்சல் ஏறி இறங்கும், இது ஏறி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. நாக்கில் மாவு பூசிய மாதிரி வெள்ளை படர்ந்தது. அம்மையாக இருக்குமோ என்று சரோஜா வேப்பிலையைத் தலைமாட்டில் வைத்தாள். எங்கள் வீட்டில் நூறு வார்த்தை பேசுகிற பெண், கேட்டதற்கு மட்டும் ஒரு வார்த்தை பதில் சொன்னபோதுதான் இது சாதாரணக் காய்ச்சல் இல்லை என்று தெரிந்தது. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ரத்தம் எடுத்துச் சோதித்து டைபாய்டு என்றார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். கெட்ட தண்ணீரிலோ உணவிலோ வருகிற கிருமி. அது போய்ச் சிறுகுடலின் சுவரில் உட்காரும், அங்கே புண் வைக்கும். மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் புண் ஆறுகிற வரையில் குடல், நனைந்த காகிதம் மாதிரி. கெட்டியாக ஒரு கவளம் சோறு போனால்கூட ஆபத்து. புண்ணிலிருந்து ரத்தம் கசியலாம். அதைவிட மோசம், குடலில் ஓட்டை விழலாம். ஓட்டை விழுந்தால் உடனே வயிற்றைத் திறந்து தைக்க வேண்டும்.

"அந்த இல்லத்துல தண்ணி குடிச்சுத்தான் வந்திருக்கும்" என்றேன்.

"அங்கயும் இருக்கலாம், காலேஜ் வாசல்ல வித்த குச்சி ஐஸாவும் இருக்கலாம். உங்க வீட்டுப் பானையாவும் இருக்கலாம் சார்" என்றார்.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. கோபப்பட எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

பெண்கள் வார்டு மாடியில். ஆண்கள் வார்டு, பெரும்பாலும் எலும்பு முறிந்தவர்கள், கீழே. மாடி ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரிப் புளியமரம் தெரியும், அதற்கு அப்பால் ரிக்ஷாக்காரர்கள். வராந்தா முழுக்கத் தூக்குவாளியும் ஃபிளாஸ்க்குமாக உறவுக்காரர்கள். அந்த வராந்தாவில் யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. "உங்க பிள்ளைக்கு இன்னைக்கு எம்புட்டு?" என்று காய்ச்சலைத்தான் முதலில் விசாரிப்பார்கள், பெயரை அப்புறம்தான். காலையில் காய்ச்சல் அட்டையை எழுதிவிட்டு நர்ஸ் நகர்ந்ததும், நான் போய்க் கோடு மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்ப்பேன். கோவிலில் தீபாராதனையை எட்டிப் பார்க்கிற மாதிரிதான்.

சரோஜாவின் தம்பி பாண்டிக்குச் செல்லூரில் இரண்டு விசைத்தறி. அவனுக்குத் தறியை விட்டு வரவே நேரமிருக்காது. ஆனால் கஞ்சி வடிகட்ட மெல்லிய துணி வேண்டும் என்று அக்கா சொன்ன அன்று, தறியிலிருந்தே ஒரு முழத்தை அறுத்து, வெந்நீரில் அலசிக் கொண்டுவந்துவிட்டான். உடம்பைத் துடைத்து எடுக்கவும் அதே துணிதான். சரோஜாவின் கழுத்துச் சங்கிலியை ஒருநாள் காணவில்லை. அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வாரத்து ஆஸ்பத்திரிக் கணக்கு தீர்ந்திருந்தது.

பிறகு பயந்தது வந்தது. ஒருநாள் காலையில் மலம் தார் மாதிரிக் கறுத்துப் போயிற்று. நாடி விரைந்து அடித்தது, உள்ளங்கை வியர்த்தது. குடலில் ரத்தம் கசிகிறது என்றார்கள். பெரிய டாக்டரைக் கூப்பிட்டார்கள். அங்கே அவர் ஒருவர்தான் சர்ஜன். வயிறானாலும் எலும்பானாலும் அவர் கைதான். உயரமான மனிதர், அதிகம் பேசமாட்டார். வாசுகியின் வயிற்றில் விரலை வைத்து அழுத்தி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ஓட்டை இல்ல. ஆனா தியேட்டரத் தயாரா வைக்கச் சொல்லியிருக்கேன். வயித்துவலி திடீர்னு கூடினா உடனே சொல்லணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கணத்திலிருந்து எனக்குக் கடவுள் அவர்தான். மிகைப்படுத்தவில்லை. படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பேன். அவருக்குச் சிரிப்பு வருமாறு, அவருக்குப் பின்னால் வருகிற நர்சுக்குச் சிரிப்பு வருமாறு, எல்லோருக்கும் வணக்கம் வைத்தேன். ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் போட்டிருக்கிற எந்தத் தகப்பனுக்கும் இது தெரியும். அவர்கள் மனம் கோணக்கூடாது, கோணினால் நம் பிள்ளையைச் சரியாகப் பார்க்கமாட்டார்கள் என்ற பயம். யாரும் அப்படி மிரட்டுவதில்லை. பயம் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். பாண்டியின் ரத்தம் பொருந்தியது. கொடுத்துவிட்டு வந்து, கட்டில் அருகே நின்று, "மருமகளே, இது செல்லூரு ரத்தம். இனிமே நீ படிச்சது போதும், தறியில வந்து உக்காரு" என்றான். அவள் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. சரோஜா வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள்.

ரத்தம் ஏறிய பிறகு அவள் கண் தெளிந்தது. ஆபத்து நீங்கவில்லை, ஆனால் பேசினாள். பேசிய முதல் பேச்சு எங்களைப் பற்றி இல்லை. அவளைப் பார்க்க வந்த தோழி, ஒச்சுப் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து இதே ஆஸ்பத்திரியில் கீழ் வார்டில் கிடக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"அப்பா, தாத்தாவப் பாத்துட்டு வாங்க."

"நீ மொதல்லத் தேறும்மா."

"கூட இருக்க ஆளே இல்லையாம்ப்பா. ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்க."

போனேன். கீழ் வார்டில் கடைசிக் கட்டில். நான் கேள்விப்பட்ட வாயாடி மனிதர் அங்கே இல்லை. கண் கூரையில் இருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். கால்களை நீட்டி, இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து ஒரு துணிப்பட்டையால் கட்டியிருந்தார்கள். தலைமாட்டில் ஆறிப்போன கஞ்சியில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

வார்டு ஹெட் சிஸ்டரிடம் மெதுவாக விசாரித்தேன். இடுப்பருகே தொடை எலும்பு முறிந்தால் கால் தானாக வெளிப்பக்கம் சாய்ந்து திரும்பிவிடும், அதை நேராக நிறுத்தத்தான் கட்டு என்றார். முதலில் கணுக்காலில் கட்டினார்களாம். அங்கே தோல் பிய்ந்து புண்ணானதால் விரல்களைச் சேர்த்துக் கட்டினார்களாம்.

"அத அவுத்து அவுத்து விட்டுர்றாரு சார். அதான் கையக் கட்டுனோம். சாப்பிடவும் மாட்டேங்குறாரு. பெருசுக்குப் புத்தி பெரண்டுருச்சு. சாப்பிட்டுத் தெம்பு வந்தாத்தான ஆபரேஷன் பண்ண முடியும்? இப்பிடியே கெடந்தா நெஞ்சுல சளி கட்டிப் போய்ச் சேந்துருவாரு."

மாடிக்கு வந்து வாசுகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன் அவுக்குறாருன்னு கேட்டீகளா?"

"கேட்டேனே. சிஸ்டர்தான் சொன்னாங்களே, புத்தி..."

"சிஸ்டர்ட்ட இல்லப்பா. தாத்தாட்ட."

அவளுக்கு மூச்சு வாங்கியது. "அவரு ஒன்னும் காரணம் இல்லாமச் செய்யமாட்டாருப்பா" என்று மறுபடி மறுபடி சொன்னாள். நர்ஸ் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்து, பேசவிடாதீர்கள், படபடப்பு ஆகாது என்று என்னை முறைத்தாள். இவள் அமைதியாகப் படுக்க வேண்டும் என்றால் நான் கீழே போயே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. நான் அன்று இறங்கியது கருணையால் இல்லை. என் பிள்ளையின் நாடி குறைய வேண்டும் என்பதற்காகத்தான்.

கட்டில் அருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"ஐயா, நான் வாசுகியோட அப்பா."

கண் கூரையிலிருந்து என் பக்கம் திரும்பியது. "பிள்ளை எங்க? ரெண்டு மூணு ஞாயித்துக்கெழமையா வரலயே."

"காய்ச்சல். இங்கதான், மேல படுத்திருக்கா."

"அடி ஆத்தே" என்றார். "சோறு எறங்குதா?"

"கஞ்சித்தண்ணிதான்யா. நீங்க ஏன் சாப்பிட மாட்டேங்குறீக? கட்ட ஏன் அவுக்குறீக?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். இவனுக்குக் கண் இல்லையா என்கிற பார்வை.

"ஏப்பா, நீ எந்த ஊரு?"

"இந்த ஊருதான்யா."

"இந்த ஊருல பொறந்துட்டு என்னயக் கேக்குற? அங்கிட்டுப் பாரு. ரெண்டு பெருவெரலயும் சேத்துக் கட்டிக் கெடத்தியிருக்காக. இப்பிடிக் கட்டுனது யாருக்கு? உசுரோட இருக்குறவனுக்கா? நெத்தியில காசு வைக்கலையே, அது ஒன்னுதான் பாக்கி. கட்டிப் போட்டுட்டு வாய்க்குக் கஞ்சி கொண்டாராக. எனக்கு வாய்க்கரிசில்ல போடணும்?"

என் அப்பாவுக்கு அப்படிக் கட்டியபோது பக்கத்தில் நின்றவன் நான். உயிர் போன உடம்புக்குக் கால் விலகாமல் இருக்கப் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவது இந்தச் சீமையில் எந்த வீட்டுக்கும் தெரிந்த சங்கதி. உயிரோடு இருக்கிறவன் படுக்கையில் கால் மேல் காலைச் சேர்த்து வைத்தாலே தட்டி விடுவார்கள். அந்தக் கால்களை நான் முதலில் வந்தபோதே பார்த்தேன். சிஸ்டர் தினமும் பார்த்தார். கட்டியவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். நாங்கள் எல்லோரும் ஒடிந்த எலும்பைப் பார்த்தோம். அவர் ஒருவர்தான் தன் பிணத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

"இத டாக்டர்ட்டச் சொன்னீகளா ஐயா?"

"யாரு கேட்டா? வருவாரு, அட்டையப் பாப்பாரு, சிஸ்டரம்மாட்டப் பேசுவாரு, போயிருவாரு. என் காலப் பத்தி என்கிட்ட ஒருத்தரும் பேசல."

இனி யாராவது பெரிய டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த யாராவது நான்தான். பாதிப் படியில் நின்றுவிட்டேன். என் பிள்ளையின் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் திறக்கப்போகிற கை அவருடையது. அவரிடம் போய், நீங்கள் போட்ட கட்டு தவறு என்று ஒரு குமாஸ்தா எப்படிச் சொல்வது?

வராந்தாவில் சரோஜாவிடமும் பாண்டியிடமும் சொன்னேன். சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வேணாங்க. நம்ம பிள்ள வீட்டுக்கு வந்து சேரட்டும். அப்பறம் நானே வந்து சொல்றேன் அவர்ட்ட."

"அதுக்குள்ள பெருசு போயிரும்க்கா" என்றான் பாண்டி.

"நீ சும்மா இருடா. ஒனக்கென்ன, ரத்தத்தக் குடுத்துட்டுத் தறிக்குப் போயிருவ. அவரு மொகத்த நாங்கள்ல தெனம் பாக்கணும்."

"மச்சான் சண்டைக்கா போறாரு? ஒரு வார்த்த கேக்கத்தான போறாரு. கேட்டா என்ன, ஊசிய மாத்திப் போட்டுருவாகளா?"

சரோஜா என் கையை விட்டுவிட்டாள். எங்கள் இரண்டு பேர் மனத்திலும் இருந்த பயத்தை அவன் வெளியே போட்டு உடைத்துவிட்டான். கேட்கும்போதுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது. ஆனாலும் போகவில்லை, பயம்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸின்போது கீழ் வார்டில் கடைசிக் கட்டில் அருகே நின்றுகொண்டேன். பெரிய டாக்டர் வந்தார். என்னைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது.

"நீங்க மேல இருக்க டைபாய்டு பொண்ணோட அப்பால்ல? இங்க என்ன?"

முந்தின நாளிலிருந்து பாடம் பண்ணி வைத்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன. "சார்... தப்பா எடுத்துக்கக் கூடாது சார். இவரு காலு..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. கையால் காட்டினேன்.

"சார், டாக்டருக்கு நேரமில்ல, நீங்க நகருங்க" என்றார் ஹெட் சிஸ்டர்.

"கட்டு எதுக்குன்னு அவருக்கு யாரும் சொல்லல சார். செத்தவங்களுக்குக் கட்டுற மாதிரி இருக்குன்னுதான் அவுக்குறாரு. அதான் சாப்பிடவும் இல்ல. புத்தி நல்லாத்தான் இருக்கு. நீங்களே ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க சார். வேற வழி எதுவும் உண்டான்னு..."

சொல்லி முடித்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. கட்டில் காலடிக்கு வந்து, அந்தப் பெருவிரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கப்பாவுக்கு நான்தான் கட்டுனேன்" என்றார், யாரிடம் என்று இல்லாமல். பிறகு சிஸ்டரிடம் கத்தரியை வாங்கி, அவரே குனிந்து அந்தத் துணிப்பட்டையை வெட்டினார். கைக்கட்டையும் அவிழ்க்கச் சொன்னார். தலைமாட்டுக்குப் போனார்.

"ஐயா, காலு வெளிப்பக்கம் திரும்பிராம இருக்கணும். அதுக்குத்தான் கட்டுனது. கட்டாம இன்னொரு வழி இருக்கு. பாதத்துக்கு மாவுக்கட்டு போட்டு, குதிகாலுக்குக் கீழ குறுக்க ஒரு கட்டைய வச்சுருவோம். கட்டை படுக்கையில நிக்கும், காலு திரும்பாது. ரெண்டு காலும் தனித்தனியா இருக்கும். போட்டுக்கிறீகளா?"

பெரியவர் கையைத் தேய்த்துக்கொண்டே அவரைப் பார்த்தார். "இத மொதல்லயே கேட்டுருந்தா, இம்புட்டு நாளுக் கஞ்சி வீணாப் போயிருக்காதுல்ல?"

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் சிரித்துவிட்டார். டாக்டரும்தான். ஹெட் சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் பெரியவருக்குக் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தவர் அவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். மாவுக்கட்டு போட்டு முடித்ததும் பெரியவர், "காலுக்குக் கலப்பையப் பூட்டிட்டீக. உழுறதுக்கு மாடு எங்க?" என்றாராம்.

நான் அதை இருந்து பார்க்கவில்லை. மாடிக்கு ஓடிவிட்டேன். டாக்டர் அடுத்து வாசுகியிடம் வருவார். என்ன சொல்வாரோ, முகம் கொடுப்பாரோ மாட்டாரோ என்று சுவரோரம் நின்றேன். வந்தார். எப்போதும் போல வயிற்றில் விரலை வைத்தார். எப்போதும் என்னிடம் பேசுகிறவர், அன்று அவளிடம் குனிந்தார்.

"வலிக்குதாம்மா? எங்க வலிக்குதுன்னு நீயே சொல்லு."

அவள் சொன்னாள். எங்கே, எப்போது, எப்படி என்று தெளிவாகச் சொன்னாள். அவள் அப்பனாகிய எனக்கே அதில் பாதி அதுவரை தெரியாது. புண் ஆறி வருகிறது, கத்தி வேண்டியிருக்காது என்றார். சரோஜா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வராந்தாத் தகப்பன்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். கேளுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. கேட்டதற்காக யாரும் உங்கள் பிள்ளையின் மருந்தை நிறுத்திவிடமாட்டார்கள். அதைவிட முக்கியம், படுத்திருப்பவரிடமும் கேளுங்கள். இதைத் தைரியசாலியாக எழுதவில்லை. இன்றைக்கும் அந்தப் படிகளில் ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறேன். வாசுகி கல்யாணமாகித் திண்டுக்கல்லில் இருக்கிறாள். கடிதம் ஒரு வாரம் தாமதமானால் நான் சாப்பாட்டில் கை வைப்பதில்லை. அவள் விட்டுப்போன ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அதே பஸ், அதே காளவாசல் இறக்கம், அதே இல்லம். வீட்டில் இப்போது ரேடியோச் சத்தம் மட்டும்தான் பழையபடி இருக்கிறது. பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடுகிற பெண் இல்லை.

பெரியவருடைய ஆபரேஷனைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முடியாது.

நாலு வாய் சாப்பிட்டு, உடம்பில் கொஞ்சம் சதை பிடித்த பிறகு நாள் குறித்தார்கள். ஒடிந்த எலும்பைச் சேர்த்து உள்ளே உலோக ஆணி வைப்பது. அன்று வாசுகிக்குக் குழையப் பிசைந்த சோறு முதன்முதலாகக் கொடுத்திருந்தார்கள். ஊட்டிவிட்டு, அவள் விரட்டியதால் கீழே வந்தேன். பெரியவரைத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். இல்லத்து மேனேஜர் இன்னும் வந்து சேரவில்லை. இளம் டாக்டர் சம்மதப் படிவத்தோடு அவசரமாக என்னிடம் வந்தார்.

"சார், நீங்கதான தெனம் வர்றீங்க. ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. நோயாளிக்கு என்ன உறவுன்னு இதுல எழுதணும்."

பேனாவைத் திறந்துவிட்டேன். என்ன எழுதுவது? உறவு இல்லை, நண்பர் என்றால் அவர் வயதுக்கு ஒவ்வாது, தெரிந்தவர் என்று எழுதினால் செல்லுமோ செல்லாதோ. நான் விழித்துக்கொண்டு நின்றபோது வண்டியிலிருந்து குரல் வந்தது.

"ஏப்பா டாக்டரு, ஒடைஞ்சது யாரு காலு?"

"ஒங்க காலுதான் தாத்தா."

"அப்ப அவருகிட்ட என்ன நீட்டுற? கொண்டா இங்கிட்டு. மை டப்பாவ எடு."

இளம் டாக்டர் திரும்பி, பின்னால் வந்துகொண்டிருந்த பெரிய டாக்டரைப் பார்த்தார். "சொயநெனவோடதான இருக்காரு. அவருகிட்டக் குடு" என்றார் அவர். படித்துக் காட்டச் சொன்னார் பெரியவர். முழுவதையும் கேட்டார். ஓரிடத்தில் நிறுத்தி, ஆணி துருப்பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்காது என்ற பிறகு, கட்டை விரலை மையில் உருட்டி எடுத்து, அழுத்தமாக வைத்தார்.

நான் திறந்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வண்டி நகரத் தொடங்கியது. கூடவே இரண்டு எட்டு நடந்தேன்.

"நீ ஏன் பின்னாலயே வார? மேல போ. பிள்ளை சோறு தின்னுச்சான்னு பாரு" என்றார் பெரியவர். தியேட்டர்க் கதவருகே தலையைத் தூக்கி, என்னைப் பார்த்து மை படிந்த கையை அசைத்தார்.

"போயிட்டு வாரேன்."